கொம்பும் இல்லை, அடுப்பும் இல்லை: கடல் வரைபடப் பெயர்கள், கேள்வி - பதில்

கேள்வி: கடற்பயண நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். கடல் வரைபடத்தில் உள்ள பெயர்களை ஒலிபெயர்ப்பதா, பொருள் பார்த்து மொழிபெயர்ப்பதா?

பதில்: முதலில் பெயரை இரண்டாகப் பிரியுங்கள். முனை, குடா, நீரிணை, திட்டு, தீவு என்று இடத்தின் வகையைச் சொல்வது பொதுப்பகுதி. மீதி சிறப்புப்பகுதி. முன்னதைத் தமிழில் எழுதலாம். பின்னதை ஒலிபெயர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ‘கேப் ஹார்ன்’ என்பதை ‘ஹார்ன் முனை’ என்றால் சரி. ‘கொம்பு முனை’ என்றால் கெட்டது. 1616இல் அந்த வழியே போன டச்சு மாலுமிகள் தங்கள் நாட்டு ஹோர்ன் நகரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது கொம்பாக ஒலித்தது. ஸ்பானிய மொழியில் ‘ஓர்னோஸ்’ ஆகி, அடுப்புகள் என்று பொருள் தந்தது. உண்மையில் அங்கே கொம்பும் இல்லை, அடுப்பும் இல்லை.

பொதுப்பகுதியை அடையாளம் தெரியாமல் விடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. அரபியில் ‘ராஸ்’ என்றாலே முனை. ‘ராஸ் அல் ஹத் முனை’ என்று எழுதினால் முனை இரண்டு தடவை வந்துவிடும். மலாய் மொழியில் ‘புலாவ்’ தீவு, ‘தஞ்சோங்’ முனை. போர்த்துகீசியத்தில் ‘இல்யா’ தீவு. கப்பல்களுக்கான கடலோர வழிகாட்டி நூல்களில் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பொருள் பட்டியல் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஆனால் பெயரோடு ஒட்டிப்போன சொல்லைப் பிய்க்காதீர்கள். 1963இல் எரிமலை வெடித்து உருவான ஐஸ்லாந்தின் ‘சுர்ட்ஸி’யில் கடைசி அசைக்கே தீவு என்றுதான் பொருள். அதை எடுத்துவிட்டால் பெயரே சிதைந்துவிடும். அங்கே ‘சுர்ட்ஸி தீவு’ என்று இரட்டிப்பதே மேல்.

‘நன்னம்பிக்கை முனை’ போலத் தமிழில் வேரூன்றிவிட்ட மொழிபெயர்ப்புகளை அப்படியே விட்டுவிடுங்கள். மற்ற பெயர்கள் முதல் தடவை வரும்போது, வரைபடத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துக்கூட்டலையும் அடைப்புக்குறிக்குள் தாருங்கள். இல்லாவிட்டால் வாசகர் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. இதெல்லாம் நூலுக்குத்தான். கப்பல் ஓட்டப் பயன்படும் வரைபடத்தில் கை வைக்கவே கூடாது. கலங்கரை விளக்கப் பட்டியல், வானொலி எச்சரிக்கை எல்லாம் அச்சான பெயரைச் சொல்லித்தான் வரும்.

கேள்வி: ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள அகுல்யாஸ் முனைக்கு ‘ஊசிகள்’ என்று பொருளாமே. பாறைகள் அவ்வளவு கூர்மையா?

பதில்: பாறையைச் சொல்லவில்லை, திசைகாட்டியின் ஊசியைச் சொல்கிறார்கள். 1500ஆம் ஆண்டை ஒட்டி அந்தக் கடற்பகுதியில் ஊசி காட்டும் காந்த வடக்கும், வடதுருவம் இருக்கும் மெய்வடக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. அதைக் கவனித்த போர்த்துகீசிய மாலுமிகள் வைத்த பெயர் அது. இன்று அங்கே ஊசி மெய்வடக்கிலிருந்து 20 பாகைக்கும் அதிகமாக மேற்கே விலகி நிற்கிறது.

கேள்வி: மொசாம்பிக் கால்வாயில் ‘பாஸாஸ் த இந்தியா’ என்று ஒரு பவளத்திட்டு இருக்கிறதே, அதற்கும் இந்தியாவுக்கும் என்ன தொடர்பு?

பதில்: எதுவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஜுடியா’ என்ற போர்த்துகீசியக் கப்பல் அதில் தரைதட்டியது. ஜுடியா என்றால் யூதப் பெண். கப்பலின் பெயரால் ‘பைஷோ த ஜுடியா’, அதாவது ஜுடியா ஆழமற்ற திட்டு என்று குறித்தார்கள். ஒரு வரைபடத்தைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து வேறொன்று என்று கையால் படியெடுத்துக்கொண்டே போனதில் எழுத்துகள் திரிந்து, ஜுடியா இந்தியா ஆகிவிட்டது. இத்தகைய பெயரைக் கண்டால் தெரிந்த ஊரோடு முடிச்சுப் போடாமல், கிடைக்கும் மிகப் பழைய வரைபடத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கப்பல் தட்டிய பாறைக்குக் கப்பலின் பெயரையே வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

கேள்வி: ஒரே வரைபடத்தில் சில பெயர்கள் நிமிர்ந்தும் சில சாய்ந்தும் அச்சாவது ஏன்?

பதில்: உயர் ஓதத்திலும், அதாவது கடல் ஏறி நிற்கும்போதும், தண்ணீருக்கு மேலே தெரியும் நில அமைப்புகளுக்கு நேரெழுத்து. கடல், குடா, கால்வாய், மூழ்கும் திட்டு, ஓதம் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பாறை ஆகியவற்றுக்குச் சாய்வெழுத்து. படியெடுக்கும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், மூழ்கும் பாறையைத் தீவு என்று நம்ப இடம் கொடுத்துவிடுவீர்கள்.

கேள்வி: பாக்கு நீரிணையில் பாக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: பாக்கு மரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1760களில் சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பால்க்கின் பெயர் அது. ஆங்கிலத்தில் ‘ல்’ ஒலிக்காது. எனவே காதால் கேட்டு ‘பாக்’ என்று எழுதியது சரிதான். தமிழ் நாவு பிறகு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டது. ‘பாக் நீரிணை’ என்று எழுதினால் செய்தித்தாள் படித்துப் பழகியவர்களுக்குப் பாகிஸ்தான் நினைவு வருகிறது என்பது உண்மைதான். அதற்காகப் ‘பாக்கு’ என்று எழுதுவதிலும் குற்றமில்லை. ‘கமுகு நீரிணை’ என்று யாரும் தூய தமிழாக்காமல் இருந்தால் சரி.