கலங்கின ஆறு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார். பிரேசில் இலக்கியத்த போர்த்துகல்ல இருந்து தனியா பிரிச்சு எழுதினது ஒரு பிரெஞ்சுக்காரர்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. அவங்க எழுத்துக்கு வெளிநாட்டுக்காரரா வந்து சர்டிபிகேட் கொடுக்கணும்? மனசு ஒப்பல.
– ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள தோழி,

உங்க கோவம் நியாயம்தான், ஆனா ஒண்ணு யோசிங்க, 1808 வரைக்கும் பிரேசில்ல அச்சுக்கூடம் நடத்தவே போர்த்துகல் விடல (நம்ம கொல்லத்துல 1578லயே இதே போர்த்துகீசிய பாதிரிமார் தமிழ்ல தம்பிரான் வணக்கம் அச்சடிச்சிட்டாங்கங்கறத நினைச்சா எனக்கு இன்னும் ஆறல). தங்கச் சுரங்கச் சீமையான மினாஸ்ல பொறந்த கிளாவுதியோ மனுவேல் த கோஸ்தாவோட கவிதை புஸ்தகம் 1768ல கடல் தாண்டி போர்த்துகல்ல இருக்கற கொயிம்ப்ராலதான் அச்சாச்சு. அப்புறம் ஜெர்மனில உக்காந்து 1805ல போர்த்துகீசிய இலக்கிய வரலாறு எழுதின பூத்தர்வெக் கண்ணுக்கு அவர் போர்த்துகீசிய கவிஞராத்தானே தெரிவாரு? இத்தாலிய பாணிய நல்லா பிடிச்சிருக்காருன்னு மெச்சினாரு. 1813ல தெற்கு ஐரோப்பிய இலக்கியத்தப் பத்தி எழுதின சிஸ்மோந்தியும் கிட்டத்தட்ட அதே வழிதான்.

நான் போன வாரம் சொன்ன பிரெஞ்சுக்காரர் ஃபெர்தினான் தெனி வேற. 18 வயசுல பிரேசிலுக்குப் போய் மூணு வருஷம் போல இருந்தவரு. நாடு 1822ல விடுதலை ஆச்சு, 1826ல இவர் போர்த்துகல் இலக்கிய வரலாறு எழுதி பின்னாலயே பிரேசிலுக்குன்னு தனிப்பகுதி வச்சாரு. உங்க காடு, உங்க பழங்குடி, இத எழுதுங்க, ஐரோப்பாவோட பழைய தெய்வங்கள விடுங்கன்னாரு. அந்த அன்பு எனக்குப் பிடிக்கும். ஆனா அவரே கிளாவுதியோவ ரொம்ப ஐரோப்பியன்னு குறை சொன்னாரு பாருங்க, அங்கதான் எனக்கு வலிக்குது.

கிளாவுதியோவோட அந்த 1768 புஸ்தகத்தோட முன்னுரையத் திறந்தா, இங்க ஓடைத் தண்ணியே கலங்கி அசிங்கமா ஓடுது, தங்கத்துக்காக மண்ணத் தோண்டற பேராசை அதோட நிறத்தையே கெடுத்துடுச்சுன்னு மனுஷன் புலம்பறாரு. உள்ள ஒரு நீள கவிதைல கார்மோ ஆறே தன் கதைய சொல்லி அழுவுது. இதவிட பிரேசில் என்ன வேணும்? ஒருத்தர் ஐரோப்பான்னு பாராட்டினாரு, இன்னொருத்தர் ஐரோப்பான்னு ஒதுக்கினாரு, ரெண்டு பேர் கண்ணுலயும் அந்த சேத்துத்தண்ணி படல.

ஊர்க்காரரே இதுக்கு பதில் சொல்ல 1873 ஆச்சு. காட்டையும் பழங்குடியையும் எழுதினாத்தான் பிரேசில் எழுத்தா, தூரதேசத்தப் பத்தி எழுதினாலும் தன் காலத்தோட, தன் மண்ணோட உணர்வு உள்ள இருந்தா போதும்னு பிரேசில் எழுத்தாளர் மஷாதோ த அஸீஸ் ஒரு கட்டுரைல சொன்னாரு. கிளாவுதியோ அதக் கேக்க இல்ல, போர்த்துகல் ஆட்சிக்கு எதிரான சதி வழக்குல பிடிபட்டு 1789லயே ஜெயில்ல செத்துட்டாரு.