மூளையால் இயங்கும் ரோபோ கை என்றால் என்ன? நினைத்தால் அது எப்படி நகர்கிறது?

கையை அசைக்க நினைக்கும்போது மூளையில் எழும் மின் துடிப்புகளைப் பிடித்து, அவற்றைக் கொண்டு ஓர் இயந்திரக் கையை நகர்த்துவதுதான் இது.

தண்டுவடம் அடிபட்டாலோ மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தாலோ, கட்டளை போகும் வழிதான் அறுபடுகிறது. கட்டளையிடும் இடம் பிழைத்திருக்கும். கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். சுவிட்சும் நன்றாக இருக்கிறது, மோட்டாரும் ஓடும், நடுவில் ஒயர் அறுந்துவிட்டது. சரி, அதே சுவிட்சிலிருந்து புது ஒயர் இழுத்து வேறொரு மோட்டாரை ஓட்டினால்?

அமெரிக்காவின் பிரெயின்கேட் ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். பக்கத்துக்கு நான்கு மில்லிமீட்டர் உள்ள சதுரச் சில்லு, அதில் மின் துடிப்புகளைப் பிடிக்கும் 96 மின்முனைகள். கை அசைவுக்கான மூளைப் பகுதியில் அதைப் பதித்தார்கள். எந்தத் துடிப்புக்கு எந்த அசைவு என்று கணினி கற்றுக்கொண்டது. பக்கவாதத்தால் கை கால் செயலிழந்த ஒரு பெண், ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து, ரோபோ கையால் காபி பாட்டிலை எடுத்து, ஸ்ட்ராவை வாயருகே கொண்டுவந்து, யாரும் ஊட்டாமல் குடித்தார். இது 2012-இல் நேச்சர் இதழில் வெளியானது. குடித்து முடித்ததும் அவர் முகத்தில் மலர்ந்த சிரிப்பை வீடியோவில் பார்த்தேன்; இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மனதில் ஓடுவதையெல்லாம் இது படித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தச் சில்லு பிடிப்பது கையை அசைக்கும் முயற்சியில் எழும் துடிப்புகளைத்தான், அந்தரங்க எண்ணங்களை அல்ல.