படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டாகிவிட்டது, இனி என்ன?

கேள்வி: மதுபோதையில் கார் ஓட்டியதற்காக 2021 ஜூன் மாதம் சிங்கப்பூர் நீதிமன்றம் எனக்கு 5,000 வெள்ளி அபராதமும் இரண்டு ஆண்டு வாகனமோட்டத் தடையும் விதித்தது. ஒரே ஒரு முறை செய்த தவறு. தடை முடிந்து, எல்லாத் தேர்வும் மறுபடி எழுதி, 2024 மார்ச்சில் உரிமம் எடுத்தேன். 2025 ஏப்ரலில் பழைய கார் ஒன்று வாங்கினோம். மூன்று நிறுவனங்கள் எனக்குக் காப்புறுதி தர மறுத்தன, நான்காவது 4,100 வெள்ளி கேட்டது. தெரிந்த முகவர், “அக்கா (என் மனைவி) பெயரில் போட்டுக்கலாம், உங்களைக் கூட ஓட்டுபவராகச் சேர்க்கலாம், பழைய விஷயத்தை எழுத வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். 1,480 வெள்ளியில் முடிந்தது. உரிமம் பெற்ற ஆண்டு 1999 என்று போட்டார், அது உண்மைதான். இந்த ஜனவரியில் ஈசூனில் கார்பார்க் வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள்மீது இடித்துவிட்டேன். நான் துளிகூடக் குடிக்கவில்லை. மோட்டார்சைக்கிளோட்டிக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. இப்போது நிறுவனம் “எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் விசாரிக்கிறோம்” என்று கடிதம் அனுப்பி, மனைவியை வாக்குமூலத்திற்கு அழைக்கிறது. மனைவி, “எப்போதும் நான்தான் ஓட்டுவேன், அன்றைக்கு மட்டும் அவர் எடுத்தார்” என்று சொல்லிவிடட்டும் என்கிறார் மச்சான். தண்டனை அனுபவித்த மனிதனை எத்தனை முறை தண்டிப்பார்கள்? ஏப்ரலில் காப்புறுதியை எப்படிப் புதுப்பிப்பது?

பதில்: நீங்கள் குடித்திருக்கவில்லை என்பதும், தண்டனை முடிந்துவிட்டது என்பதும், மூன்று நிறுவனங்கள் கதவைச் சாத்தின என்பதும் இந்த விவகாரத்தில் எதையும் மாற்றாது. காப்புறுதி நிறுவனம் யாரை ஏற்கும், என்ன சந்தா கேட்கும் என்பது அதன் வியாபார முடிவு. நிதி நிறுவனங்களோடு வரும் தகராறுகளைத் தீர்க்கும் மையமான ஃபிட்ரெக்கும் அதில் தலையிடாது. அந்த மனக்குறையை இங்கேயே விட்டுவிட்டு ஒரே ஒரு தாளைத் தேடி எடுங்கள்: 2025 ஏப்ரலில் உங்கள் மனைவி கையெழுத்திட்ட, அல்லது இணையத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய விண்ணப்பப் படிவம். உங்களிடம் நகல் இருக்காது, பெரும்பாலோரிடம் இருப்பதில்லை. மனைவி பெயரில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அதைப் படிக்காமல் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம்.

காரணம், அந்தப் படிவத்தின் சொற்களைப் பொறுத்து உங்கள் நிலை தலைகீழாக மாறும். கேள்வி “கடந்த 3 ஆண்டுகளில் குற்றத்தீர்ப்பு உண்டா” என்று இருந்திருந்தால், 2021 ஜூன் தீர்ப்புக்கும் 2025 ஏப்ரல் விண்ணப்பத்துக்கும் இடையே 3 ஆண்டு 10 மாதம் ஆகிறது. ‘இல்லை’ என்பது சரியான பதில். அதற்கு முந்தையதை நிறுவனமே கேட்காமல் விட்டது என்று வாதிடவும் இடமுண்டு. “கடந்த 5 ஆண்டுகளில்” என்றோ “எப்போதாவது” என்றோ இருந்தால் அந்த ‘இல்லை’ பொய். “கடந்த 3 ஆண்டுகளில் உரிமம் தடைசெய்யப்பட்ட நிலையில் இருந்ததுண்டா” என்று இருந்தாலும் பொய்தான், ஏனென்றால் உங்கள் தடை 2023 ஜூன் வரை நடப்பில் இருந்தது. மூன்று விதமாகவும் கேட்கும் படிவங்கள் இருக்கின்றன. குற்றம் நடந்த நாளா, தீர்ப்பு நாளா, எதிலிருந்து எண்ணச் சொல்கிறது என்பதையும் வரிவரியாகப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கட்டத்தில் தப்பினாலும் இன்னும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, உரிம ஆண்டு. ஓராண்டோ அதற்கு மேலோ தடை விதிக்கப்பட்டால் பழைய உரிமம் செல்லாது, தேர்வுகளை எழுதிப் புதிதாகத்தான் பெற வேண்டும். இது நீங்களே செய்தது. ஆகவே உங்கள் கையில் இருப்பது 2024 உரிமம், விண்ணப்பித்த அன்று அதற்கு 13 மாதம்தான் வயது. இரண்டு ஆண்டு நிறையாத உரிமக்காரருக்குப் பல நிறுவனங்கள் எக்சஸ் தொகையை (கோரிக்கையில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கை) ஆயிரக்கணக்கில் ஏற்றும், சில ஏற்கவே ஏற்காது. ‘1999’ என்று போட்டதால் அந்த ஏற்றம் தவிர்ந்தது. முதன்முதலில் 1999இல் எடுத்தது உண்மையாக இருக்கலாம். தற்போதைய உரிமத்தைத்தான் படிவம் கேட்டிருந்தால் அது தவறான பதில்.

இரண்டாவது கட்டம்தான் உங்களைப் போன்றவர்களை அதிகம் சாய்ப்பது. முதன்மை ஓட்டுநர் யார்? மனைவி என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் வேலைக்குக் காரில் போவது நீங்கள் என்றால், தீர்ப்பைப் பற்றிய பதில் சரியாகவே இருந்தாலும் நிறுவனத்துக்கு இந்த ஒன்றே போதும். விசாரணை அதிகாரி உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்து உண்மை கண்டுபிடிக்கப் போவதில்லை. சீசன் பார்க்கிங் யார் பெயரில், பார்க்கிங் செயலி யாருடைய போனில், இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) பதிவு காலையில் எந்த விரைவுச்சாலையில், வேலையிட வாசலில் எந்த வாகன எண் பதிவாகிறது, பெட்ரோல் நிலையத் தள்ளுபடி அட்டை யாருடையது, இவற்றைத்தான் பார்ப்பார். அந்த அறையில் உட்காரும்போதே பாதி அவர் கோப்பில் இருக்கும்.

அதனால் மச்சானின் யோசனையை இன்றே கைவிடுங்கள். முதல் பொய் ஒப்பந்தம் சம்பந்தப்பட்டது. அதன் விலை பெரும்பாலும் பணம்தான், பேசித் தீர்க்க வாய்ப்புண்டு. இரண்டாவது பொய் அப்படியல்ல. இழப்பீடு வாங்குவதற்காகத் தெரிந்தே பொய் வாக்குமூலம் கொடுத்தால் அது ஏமாற்று வழக்காக மாறும். தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை உண்டு. அதே கதையைப் போலிஸிடம் சொன்னால் பொய்த் தகவல் குற்றம் தனியாகச் சேரும். அதைச் சொல்லப்போவது நீங்கள் இல்லை, உங்கள் மனைவி. இதுவரை எந்தக் குற்றப்பதிவும் இல்லாத அவரை, நாலாயிரம் வெள்ளிச் சந்தாவுக்குப் பயந்து நீங்கள் கொண்டுபோய் நிறுத்தும் இடம் அதுதான். பாலிசி அவர் பெயரில் இருப்பதால் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கும் முதலில் அவர்மீதுதான் வரும். உங்கள் நலனும் அவர் நலனும் இப்போது ஒன்றல்ல. அவருக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும், செலவைப் பார்க்காதீர்கள்.

முகவரின் வாட்ஸ்அப் செய்தியை உங்கள் ஆயுதமாக நினைக்கிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அது உங்களுக்கு எதிரான ஆதாரம். முகவர் நிரப்பினாலும் கையெழுத்திட்டவருடைய படிவமாகத்தான் நீதிமன்றம் அதைப் பார்க்கும். “எழுத வேண்டாம்” என்று அவர் சொன்னதும் நீங்கள் சரி என்றதும் அதில் இருந்தால், மறந்துபோனது, கவனிக்கவில்லை என்ற சமாதானம் எடுபடாது. அழிக்கவும் கூடாது, அது இன்னும் மோசம். வைத்திருங்கள், வழக்கறிஞரிடம் மட்டும் காட்டுங்கள்.

இனிப் பணக் கணக்கு. நம் சட்டத்தில் கட்டாயக் காப்புறுதி மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் மட்டுமே. ஆகவே மோட்டார்சைக்கிளோட்டியின் மணிக்கட்டு, மருத்துவமனைச் செலவு, போன சம்பளம் ஆகியவற்றுக்குத் தீர்ப்பு வந்தால், உங்களோடு என்ன தகராறு இருந்தாலும் நிறுவனம் பொதுவாக அவருக்குக் கட்டியாக வேண்டும். கட்டிவிட்டு உங்களிடம் வரும். தப்பிக்க அதற்கு ஒரு வழி உண்டு: உண்மை மறைக்கப்பட்டதால் பாலிசியை ரத்துசெய்ய உரிமை உண்டென்று நீதிமன்றத்தில் அறிவிப்புத் தீர்ப்பு பெறுவது. அந்த வழக்கை, மோட்டார்சைக்கிளோட்டி வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்ட 3 மாதத்திற்குள்ளோ தொடங்க வேண்டும். அப்படி நடந்தால் அவர், காப்புறுதி கைகொடுக்காத விபத்துகளில் காயமடைந்தவருக்கு இழப்பீடு தரும் மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பை நாடுவார், அந்தப் பணமும் உங்கள்மீதே திரும்பும். அவருடைய மோட்டார்சைக்கிள் பழுது கட்டாயக் காப்புறுதிக்குள் வராது, அதை நிறுவனம் மறுத்தால் நேராக உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். உங்கள் காரின் சேதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சண்டை போட வேண்டாம், சமரசம் செய்யுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ‘3 ஆண்டு’ கேள்வியாக இருந்து, முதன்மை ஓட்டுநரும் உண்மையில் மனைவிதான் என்றால் மட்டும் நின்று வாதாடலாம். மற்றபடி, வாக்குமூலத் தேதியைத் தள்ளிவைக்கும்படி கேட்டு, வழக்கறிஞர் மூலம் இப்படி எழுதுங்கள்: என் கார் சேதக் கோரிக்கையை மீட்டுக்கொள்கிறேன். உண்மையான விவரங்களைத் தருகிறேன். மூன்றாம் தரப்புக் காயக் கோரிக்கையை நீங்களே கையாளுங்கள். நீங்கள் கட்டும் தொகையில் இவ்வளவை இத்தனை மாதத் தவணையில் தருகிறேன். எல்லாம் ‘without prejudice’ என்ற குறிப்போடு, அதாவது பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாத சமரசக் கடிதமாகப் போக வேண்டும். நிறுவனத்துக்கும் அறிவிப்பு வழக்கு செலவுதான். சம்பளக்காரரிடமிருந்து நம்பகமான தவணை வரும் என்றால் பேசத் தயங்காது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, மெத்தப் படித்தவர்களும் விழுகிறார்கள். விசாரணை முடிவில் ஒரு பக்கத் தாளை நீட்டி, “இதில் கையெழுத்துப் போட்டால் கோரிக்கையைத் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறோம்” என்பார்கள். நிறுவனம் கட்டும் “எல்லாத் தொகைகளையும், வட்டியையும், சட்டச் செலவையும்” திருப்பித் தருவதாக அதில் இருக்கும், உச்சவரம்பு இருக்காது. நிம்மதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, தாங்கள் ஒரு வார்த்தை பேச வாய்ப்பில்லாமல் முடிக்கப்பட்ட காயக் கோரிக்கைக்கும் இரு தரப்பு வழக்கறிஞர் கட்டணத்துக்கும் சேர்த்து பில் வரும். சாலை விபத்துக் காயத்துக்கு மாவட்ட நீதிமன்றமே 500,000 வெள்ளி வரை தீர்ப்பளிக்கலாம். மணிக்கட்டு முறிவு அந்தப் பக்கம் போகாது. ஆனால் அந்த மனிதர் கைவேலைக்காரராக இருந்து பிடி வலு குறைந்துவிட்டால், நீங்கள் நினைக்கும் தொகையில் நிற்காது. ஆகவே தாளில் மூன்று வேண்டும்: ஓர் உச்சத் தொகை, காயக் கோரிக்கையை முடிப்பதற்கு முன் உங்களுக்கு எழுத்தில் தகவல், தவணை அட்டவணை. மூன்றும் இல்லாத தாளில் கையெழுத்திடாதீர்கள்.

மோட்டார்சைக்கிளோட்டியைத் தனியாகப் பார்த்துக் கையில் பணம் கொடுத்து முடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதும் பணம் கொடுப்பதும் பாலிசி நிபந்தனையை மீறுவது. உங்களை மறுக்க அவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைக்கும். காயத்துக்கு வழக்குப் போட அவருக்கு 3 ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

ஏப்ரல் விஷயத்துக்கு வருகிறேன். இடையில் நிறுவனம் பாலிசியை ரத்துசெய்தால், வேறு பாலிசி கிடைக்கும்வரை காரை எடுக்காதீர்கள். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் பொதுவாக 12 மாதத் தடை, ஓட்ட அனுமதித்த மனைவிக்கும் அதே. உங்களுக்கு 12 மாதத் தடை என்றால் உரிமம் மறுபடி போச்சு, மறுபடி தேர்வு. காரை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார்பார்க்கில் சும்மா நிறுத்தி வைத்தாலும் சாலை வரி கட்ட வேண்டும், காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது.

புதிய விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பாதீர்கள். அங்கே ‘ஆம்’ என்று அழுத்தினால் பல நேரம் இயந்திரமே நிராகரித்துவிடும், அந்த நிராகரிப்பும் அடுத்த படிவத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய செய்தியாகிவிடும். “எந்த நிறுவனமாவது மறுத்ததா, ரத்துசெய்ததா” என்ற கேள்வியைப் பலர் கவனிப்பதே இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே மூன்று மறுப்பு இருக்கிறது. பல நிறுவனங்களோடு வேலை செய்யும் தரகரிடம் போங்கள். தீர்ப்பு விவரம், தடை தொடங்கிய, முடிந்த தேதிகள், 2024 உரிமத்தின் நகல், ஜனவரி விபத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து விலை கேளுங்கள். உங்களை முதன்மை ஓட்டுநராகப் போட்டு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பழைய கார்தானே, அது போதும். கார் கடனில் இருந்தால் கடன் கொடுத்தவர் முழுக் காப்புறுதி கேட்பார், முதலில் அதைச் சரிபாருங்கள். மனைவி உண்மையிலேயே ஓட்டி, நீங்கள் ஓட்டாமலே இருக்க முடிந்தால், உங்கள் பெயரை முற்றிலும் விலக்கிய பாலிசி மலிவாகக் கிடைக்கலாம். அதன்பின் அவசரத்துக்குக்கூட நீங்கள் சாவியைத் தொடக் கூடாது.

2026 ஜூன் கடந்தால் தீர்ப்புக்கு 5 ஆண்டு நிறைகிறது, தீர்ப்பை மட்டும் கேட்கும் ‘5 ஆண்டு’ படிவங்களில் அதைச் சொல்ல வேண்டியிருக்காது. மார்ச்சில் உங்கள் உரிமத்துக்கும் இரண்டு ஆண்டு முடியும். ஆகவே ஏப்ரலில் வரும் விலை கைக்கு மீறியிருந்தால், அந்தச் சில மாதங்களுக்குக் காரை விற்றுவிட்டு ரயிலில் போங்கள். 5 ஆண்டு முடிந்த பிறகு கேட்கும் விலை வேறாக இருக்கும், ஆனால் இந்த ஜனவரி விபத்தையும் நிறுவனத்தோடு செய்த சமரசத்தையும், படிவம் கேட்டால் பழைய மறுப்புகளையும் தடையையும் அப்போதும் எழுத வேண்டும். சமரச ஒப்பந்தத்தில் பாலிசி எப்படி முடிந்தது என்ற வாசகத்தையும் இப்போதே பேசி வையுங்கள்: நிறுவனம் ரத்துசெய்தது என்றில்லாமல், இரு தரப்பும் சம்மதித்து முடித்துக்கொண்டது என்று, அது உண்மையாகவும் நடந்திருக்கும் வகையில்.