இரண்டு மாதம் எழுத்துக் கூட்டிப் படித்தவள்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்காக மாதம் ஒருமுறை இரத்தம் ஏற்றி வருகிறோம். சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒரு நாவல் கொடுத்தார். நோயுற்ற குழந்தையோடு ஒரு குடும்பம் படும் பாட்டைச் சொல்லும் கதை. மின்சாரம் இல்லாத மூன்று இரவுகளில் சார்ஜ் விளக்கை வைத்துப் படித்து முடித்தேன். அழுது அழுது உடம்பே கெட்டுவிட்டது. கணவர் புத்தகத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். இத்தகைய கதைகளை நான் படிக்கக் கூடாதா? என் மூத்த மகளுக்கு 17 வயது. அவளும் இதை எழுத்துக் கூட்டி இரண்டு மாதம் படித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவளுக்குக் கல் மனம். நான்கு ஆண்டுகளுக்கு முன் எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்காகச் சென்னையில் அவள் இரத்தத்தைச் சோதித்தார்கள், பொருந்தவில்லை. அதனால்தான் இன்னும் மாதாமாதம் அலைகிறோம்.
– ஒரு தாய், யாங்கோன்

பதில்:

சகோதரி, நீங்கள் அழுததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கதை படிக்கலாமா, கூடாதா என்பதும் பெரிய கேள்வி அன்று. புத்தகத்தைக் கணவரிடமிருந்து வாங்கி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். ஒவ்வொரு முறையும், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரே வரியில்தான் நின்றுபோனேன். உங்கள் மகள் அந்த நாவலை எழுத்துக் கூட்டி இரண்டு மாதம் படித்தாள் என்ற வரி அது.

இந்த நாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரியும். 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, தமிழ் எழுத்து என்பது கோயில் வகுப்பிலும் விடுமுறை வகுப்பிலும் கிடைத்தால் உண்டு என்று ஆகிவிட்டது. பள்ளிப் பாடம் பர்மிய மொழியில், தோழிகளோடு பேச்சும் பர்மிய மொழியில். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்குக்கூடக் கடைப் பெயர்ப்பலகைக்கு மேல் தமிழில் படிக்க வருவதில்லை. அழுவதற்கு ஒரு கதை வேண்டுமென்றால், பர்மிய எழுத்தோடு வரும் கொரிய நாடகம் அவள் கைபேசியிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ளகரமும் ழகரமும் தடுமாற, ஒரு நாளைக்கு நான்கு பக்கமோ ஐந்து பக்கமோ என்று, நோயுற்ற பிள்ளை இருக்கும் ஒரு வீட்டின் கதைக்குள் இரண்டு மாதம் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணையா கல் மனம் என்று எழுதினீர்கள்?

அவள் அந்தப் புத்தகத்தில் எதையோ தேடியிருக்கிறாள். அந்த வீட்டிலும் ஓர் அக்காள் இருந்தாளா, அவளிடம் யாராவது பேசினார்களா, அவளைக் குற்றம் சொன்னார்களா என்று தேடியிருக்கிறாள் என்பதே என் எண்ணம். நீங்கள் ஒருமுறையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அவள் கண்ணில் நீர் வந்ததா என்று மட்டுமே பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் கடைசி வாக்கியத்தில் உள்ள ‘அதனால்தான்’ என்ற சொல் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. முன்பின் அறியாத எனக்கே அப்படி எழுதுகிறவர், வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? தொலைபேசியில் உறவினரிடம், கோயிலில் நலம் விசாரிப்பவரிடம், அடுப்படியில் கணவரிடம் நீங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும், தன்னால்தான் தம்பிக்கு இன்னும் ஊசி ஏறுகிறது என்று பக்கத்து அறையில் இருந்த மகள் கேட்டிருப்பாள். 13 வயதுப் பெண்ணின் கையில் இரத்தம் எடுத்து, பொருந்தவில்லை என்ற ஒரு சொல்லோடு ஊருக்கு அழைத்து வந்துவிட்டீர்கள்.

மஜ்ஜை பொருந்துவதற்கான கூறுகளில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவருக்கு அவை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தாமல் போவதற்கே மூன்று பங்கு வாய்ப்பு. அவள் பாசத்துக்கும், அவள் உண்ட உணவுக்கும், நீங்கள் எடுத்த காவடிக்கும் இதில் தொடர்பில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. நான்கு ஆண்டுகளாக அதைச் செய்யாமல் இருந்திருக்கிறீர்கள்.

இந்தப் பகுதிக்கு நோயுற்ற பிள்ளையின் தாய்மார் நிறைய எழுதுகிறார்கள். மற்ற பிள்ளைகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘பெரியவளால் தொந்தரவு இல்லை.’ மருத்துவமனை நாளில் சமைத்து வைக்கிறாள், துணி துவைக்கிறாள், எதுவும் கேட்பதில்லை என்று பெருமையாகவும் எழுதுவார்கள். மூத்த பெண்ணை இரண்டாவது தாயாக்கிவிட்டு, அவளுக்கும் ஒரு தாய் வேண்டும் என்பதை மறந்துபோகும் இந்த வழக்கத்தை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவள் ஏன் அழவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த வீட்டில் அழும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு என்று அவள் கண்டு பழகியிருக்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காதீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் இந்த நோய்க்கூற்றைச் சுமப்பவர்கள் என்பதால், நோயில்லாத உங்கள் மகளும் அதைச் சுமப்பவளாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அதனால் அவள் உடல்நலத்துக்குப் பெரிய கேடு ஒன்றும் வராது. ஆனால் அவளை மணப்பவரும் சுமப்பவரானால் உங்கள் மகன் படும் பாட்டை அவள் பிள்ளையும் படக்கூடும். ஆகவே கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாமன் மகன், அத்தை மகன் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். தலசீமியாக் கூற்றோடு சேர்ந்தால் பிள்ளைக்கு இதே போன்ற நோயைத் தரக்கூடிய ஹீமோகுளோபின் ஈ என்ற இரத்தக் கூறு இந்த நாட்டில் பரவலாக இருப்பதால், வேறு இனத்தில் கொடுத்தாலும் இந்தப் பரிசோதனை வேண்டும். வரன் தட்டிப்போகும் என்று வாயை மூடிக்கொள்ளும் குடும்பங்களை நான் அறிவேன். அதை மானம் காப்பது என்கிறார்கள். பெற்ற பெண்ணுக்குச் செய்யும் துரோகம் என்கிறேன் நான்.

அடுத்த முறை மகனுக்கு இரத்தம் ஏற்றும் நாளில் அவளையும் அழைத்துச் செல்லுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அல்ல, அவளுக்காக. மருத்துவர் அவளுக்கென்று கால் மணி நேரம் ஒதுக்கி, அவள் அறிவியல் பாடம் படித்த பர்மிய மொழியிலேயே எல்லாவற்றையும் விளக்கட்டும். ‘உன்னால் இல்லை’ என்பதை மட்டும் அவரிடம் விடாமல், நீங்களே உங்கள் வாயால் தமிழில் சொல்லுங்கள். கல் மனம் என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேளுங்கள். மகளிடம் மன்னிப்புக் கேட்பதால் தாய் சிறுத்துப்போவதில்லை.

அன்று இரவு அந்த நாவலை அவள் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்தில் அதிக நாள் நின்றாய் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கும்போது எழுத்துத் தவறினால் திருத்தாதீர்கள்.