குடலுக்குத் தீனி எது? வடசென்னைக் கேள்விகளும் என் பதில்களும்

குடல் நலம், நார்ச்சத்து பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், மெடிக்கல் ஷாப்பில் ப்ரீபயாடிக் பவுடர் என்று ஒரு டப்பா கொடுக்கிறார்கள். வாங்கலாமா? தினமும் தயிர் சாப்பிடுகிறோமே, அது போதாதா? (வியாசர்பாடி, இல்லத்தரசி)

தயிரில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. ப்ரீபயாடிக் என்பது ஏற்கெனவே நம் பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குப் போடும் தீனி. சில வகை நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்கும். பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை இந்த ப்யூட்டிரேட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. தீனி இல்லாமல் தயிர் மட்டும் சாப்பிட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இன்யுலின் என்று இருக்கும். அந்தக் குடும்பத்து நார்ச்சத்து வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்காத வரை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் காசுக்குக் கொண்டைக்கடலை வாங்குங்கள். அப்புறம், தண்ணீரில் கலந்து குடிக்கிற உமியான இசப்கோல் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். மலச்சிக்கலுக்கு அது நல்லது. ஆனால் பாக்டீரியா அதை அவ்வளவாகத் தின்பதில்லை.

பழைய சோறு குடலுக்கு நல்லது என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சாப்பிடலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்)

ஐயா, நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே, குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று ஆய்வில் இறங்கினார்கள். அந்த அளவுக்கு மதிக்க வேண்டிய சாப்பாடு அது. வடித்த சோறு ஆறும்போது அதிலிருக்கும் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிக்கொள்ளும். அந்தப் பகுதி சிறுகுடலில் செரிக்காமல் தப்பித்து, பெருங்குடல் பாக்டீரியாவுக்குப் போய்ச் சேரும். இரவெல்லாம் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகும். அந்த லேசான புளிப்பு அதனால்தான்.

ஆனால் இறுகுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் வழக்கமான மாவுச்சத்து. அதனால் உங்களுக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். கூடவே சின்ன வெங்காயம், பச்சைப்பயறு சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பு முக்கியம். சோற்றில் வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் இருக்கும். சோற்றைச் சூட்டோடு மூடி மணிக்கணக்கில் வைத்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது. சோறு ஆறியதும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் மதியம் வரை வைக்கவே கூடாது. பிசுபிசுப்போ கெட்ட வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளும் கீமோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

கூழ் வண்டியில் தினமும் ஒரு சொம்பு குடிக்கிறேன். அதில் நார்ச்சத்து உண்டா? (தண்டையார்பேட்டை, ஆட்டோ ஓட்டுநர்)

நிறையவே உண்டு அண்ணே. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. கூழோடு தருகிற பச்சை வெங்காயத்தை ஒதுக்காதீர்கள், ப்ரீபயாடிக் அதில்தான் அதிகம். மோர் மிளகாயும் கருவாடும் உப்பு மயம், பிரஷர் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

சுண்டல் சாப்பிட்டாலே வயிறு உப்பிவிடுகிறது. விட்டுவிடலாமா? (திருவொற்றியூர், 62 வயது)

விடாதீர்கள் அம்மா. கடலையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சர்க்கரை வகைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை, பெருங்குடல் பாக்டீரியாவிடம் இருக்கிறது. அது உடைக்கும்போது வாயு வரும். தீனி போய்ச் சேர்கிறது என்பதற்கு அது அடையாளம்தான். ஆனால் வலிக்கிற அளவுக்கு வரக் கூடாது. இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மசிகிற பதத்துக்கு வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு டேபிள்ஸ்பூன் போதும். பிறகு மெல்ல ஏற்றுங்கள். கூடவே தண்ணீரும் நிறையக் குடியுங்கள்.

எனக்கு ஐபிஎஸ் (IBS) என்ற குடல் கோளாறு இருக்கிறது. வாயு போக்கும் என்று எல்லாவற்றிலும் பூண்டு போடுகிறார் மாமியார். வலி அதிகமாகிறது. (பெரம்பூர், ஐடி ஊழியர்)

உங்கள் விஷயம் வேறு. மற்றவர்களுக்கு நல்லது செய்யும் அதே பூண்டும் வெங்காயமும் ஐபிஎஸ் இருக்கிறவர்கள் பலருக்கு வலியைக் கிளப்பும். அவற்றில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற இன்யுலின் குடும்பத்து நார்ச்சத்துதான் காரணம். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் முழுப் பூண்டை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசனை இருக்கும், ஃப்ரக்டான் இருக்காது. குழம்பில் கொதிக்கவிட்ட பிறகு எடுத்தால் பலன் இல்லை. மாமியாரிடம் அவர் பக்குவத்தைக் குறை சொல்லாமல், உங்கள் பங்குக்கு மட்டும் இப்படித் தாளித்துத் தரச் சொல்லுங்கள். எந்தெந்த உணவை எவ்வளவு நாள் நிறுத்துவது, எப்போது திரும்பச் சேர்ப்பது என்பதை ஓர் உணவியல் நிபுணரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.

அத்தோவோடு (பர்மா நூடுல்ஸ்) கொடுக்கிற வாழைத்தண்டு சூப் குடித்தால் போதுமா? (பாரிமுனை, கல்லூரி மாணவர்)

சூப்பில் கிடக்கும் தண்டுத் துண்டுகளை மென்று சாப்பிட்டால்தான் நார்ச்சத்து தம்பி, வெறும் தண்ணீரில் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறும் மீனும்தான். காய் யாருக்கும் பிடிக்காது. (காசிமேடு, மீன் விற்பவர்)

மீனை விடவே வேண்டாம் அக்கா. ஆனால் அதில் நார்ச்சத்து துளியும் இல்லை. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மீன் குழம்பில் மாங்காயோடு முருங்கைக்காயும் போடுங்கள். வெங்காயத்தை இரண்டு மடங்காக்குங்கள். குழம்பில் கரைந்து இறங்குவதும் வயிற்றுக்குத்தான் போகிறது. வாரத்தில் இரண்டு நாள் கொத்தவரங்காய்ப் பொரியல் செய்யுங்கள். அதன் விதையில் இருக்கும் பிசினைக் குடல் பாக்டீரியா நன்றாகவே தின்னும். பிள்ளைகள் தொடாவிட்டால் தேங்காய்ப்பூ தாராளமாகத் தூவி, கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் சேர்த்து வதக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? (கொடுங்கையூர்)

சாப்பாட்டை மாற்றினால் சில நாட்களிலேயே குடல் பாக்டீரியாவின் கலவை மாறத் தொடங்கிவிடும். நிறுத்தினால் அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். மலம் இளகி, சுலபமாகப் போகிறதா என்பதைத்தான் முதலில் கவனியுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், தினமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.