பழைய குளிர்பான விளம்பரப் பலகை அசல்தானா என்று எப்படி அறிவது?

அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் 1940, 50களில் மாட்டியிருந்த குளிர்பான விளம்பரப் பலகைகளைச் சேகரிக்கத் தொடங்கும்போது போலியை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், கண்ணைவிட விரல் நுனியை நம்பலாம்.

அன்றைய எனாமல் பலகைகளில் கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின்மேல் நிறம் நிறமாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் சூளையில் சுட்டு உருக்கினார்கள். அதனால் சிவப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பில் விரலை ஓட்டினால் மெல்லிய மேடு தட்டுப்படும். அச்சடித்த மலிவுப் போலியில் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். அடுத்ததாகத் திருகுத் துளைகளைப் பாருங்கள். நெடுங்காலம் வெளியில் தொங்கிய பலகையில் துளையைச் சுற்றி எனாமல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, அடியில் துருவேறிய இரும்பு தெரியும். போலி செய்பவர்கள் பெரும்பாலும் துருவை எங்கும் ஒரே சீராக ஏற்றிவிடுகிறார்கள். மழைக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

காலத்தைக் கணிக்கச் சின்னமே உதவும். கோகோ கோலாவின் மீன்வால் வடிவம் 1958இல்தான் வந்தது என்பதால், அது உள்ள பலகையை 1940களுடையது என்று ஒருவர் விற்றால் வாங்காதீர்கள். வாங்கிய அசலுக்கு மறுபடி பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டாம். மதிப்பு பெரும்பாலும் குறைந்துவிடும்.