வாசகர் கேள்வி: ஐயாவோட பிக்கப்புக்கு டீசல் இன்ஜின் போடலாமா?

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): எங்க ஐயா வச்சிருந்த 1950 மாடல் செவர்லே பிக்கப் பின்பக்கக் கொட்டகையில பல வருஷமா நிக்குதுண்ணே. இன்ஜின் ஜாம். ஆர்.சி. புக் இன்னும் ஐயா பேர்லதான். மெக்கானிக் ஒருத்தர் பழைய ஜீப் டீசல் இன்ஜினைத் தூக்கி வச்சு, 12 வோல்ட்டுக்கு மாத்தி, பெயின்ட் அடிச்சுத் தந்துடுறேங்கிறாரு. சரின்னு சொல்லிடவா?

பதில்: வேண்டாம் தம்பி. லோடு அடிக்கிற வண்டின்னா அவர் சொல்றது நியாயம், நீங்க செய்றது ஆசைக்கு. 2021 ஜூலைல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின சொந்த உபயோக வண்டியை விண்டேஜ்னு பதியலாம், ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாத்தம் இருக்கக்கூடாது. டீசல் இன்ஜின் ஏறுச்சுன்னா அதோட சரி. ஏற்கனவே பதிவான வண்டிக்கு பழைய நம்பரையே வச்சுக்கலாம், ஐயா ஓட்டுன நம்பர் போகாது. அதுக்கு முன்னாடி வாரிசு சான்றிதழோட ஃபார்ம் 31 கொடுத்து ஆர்.சி.யை உங்க பேருக்கு மாத்துங்க. புக்குல கூட்ஸ் வண்டின்னு போட்டிருந்தா அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டுருங்க.

ஜாம்னா இன்ஜின் செத்துப்போச்சுன்னு இல்ல. முக்காவாசி பிஸ்டன் ரிங் தான் சிலிண்டர்ல துருவோட ஒட்டியிருக்கும். ஆறு ப்ளக்கையும் கழட்டி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் ஊத்தி ஒரு வாரம் விடுங்க, நடுவுல இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, அப்புறம் ஃப்ளைவீல் பல்லுல கம்பி கொடுத்து முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டிப்பாருங்க, ஒரு நூல் அசைஞ்சாப் போதும், மிச்சம் தானா வரும். அவசரப்பட்டு டிராக்டர்ல கட்டி கியர்ல போட்டு இழுத்தீங்க, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கன்ராடு வளைஞ்சுரும். அப்படி வளைஞ்சதை கொண்டுவந்து கொட்டுறவங்களுக்கு பஞ்சமே இல்ல.

அந்த வருஷத்து 216 கன அங்குல இன்ஜின்ல, கன்ராடு கிராங்கைப் பிடிக்கிற பிக் எண்டுக்கு தனியா கழட்டி மாத்துற ஷெல் பேரிங் கிடையாது, கன்ராடுலயே ஒயிட் மெட்டல்ங்கிற மெதுவான உலோகக் கலவையை உருக்கி ஊத்தியிருப்பாங்க. அதை ஊத்தி லேத்ல கடையத் தெரிஞ்ச கையை கோயம்புத்தூர்ல தேடுங்க. ஆயில் பிரஷர் கம்மியாத்தான் காட்டும், அந்த மீட்டரே 30 வரைக்கும்தான், பதறாதீங்க. கரண்ட் 6 வோல்ட், அப்படியே இருக்கட்டும், ஒயரை மட்டும் தடிமனா புதுசா இழுங்க, செல்ஃப் நல்லா சுத்தும்.

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்துல தெருவுல இறக்கிராதீங்க. பிரேக்குக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான், எங்க ஒழுகினாலும் நாலு வீலும் போச்சு. சிலிண்டருக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா லேத்ல பித்தளை ஸ்லீவ் அடிக்கணும், ரப்பர் கிட் மட்டும் மாத்தினா பத்து நாள்ல திரும்ப ஒழுகும்.

பெயின்ட் கடைசி. நம்ம ஊர் காய்ஞ்ச ஊரு, தொண்டிப் பக்கம் கடக்காத்துல நின்ன வண்டி மாதிரி இத்துப்போயிருக்காது. ஆனா கேபின் பின்மூலை ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டுங்க, காந்தம் வச்சும் பாருங்க, ஒட்டலைன்னா அடியில இருக்கிறது தகரம் இல்ல, எவனோ அப்பின பட்டி.

கேள்வி (தேவகோட்டை வாசகி): எங்ககிட்ட உள்ள பழைய ஃபார்கோ பிக்கப்ல பின்னாடி பலகை மக்கிப்போச்சு. பங்காளி வீடு இடிச்ச பர்மா தேக்கு கிடக்கு, போடலாமா?

பதில்: தாராளமா போடலாம் ஆச்சி. அந்தக் கால அமெரிக்கா பிக்கப்ல நீளவாக்குல பலகை அடுக்கி, நடுநடுவுல இரும்புப் பட்டை வச்சு போல்ட் போட்டிருப்பாங்க, அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுறாதீங்க, அளவு எல்லாம் அதுலதான் இருக்கு. பழைய மரத்துல ஒடிஞ்ச ஆணி உள்ளயே கிடக்கும், அறுக்க முன்னாடி காந்தத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க, இல்லைன்னா பட்டறைக்காரர் பிளேடு காசும் உங்க தலையிலதான். உத்தரத் துண்டு போதும். முழுத் தூணா கிடந்தா அறுக்காதீங்க, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடையில கொடுத்தா டயர் செலவுக்காவது ஆகும்!

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): விண்டேஜ் பதிவு வாங்கிட்டா வாராவாரம் காரைக்குடி சந்தைக்கு எடுத்துட்டுப் போகலாமா?

பதில்: முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட, இதுக்குத்தான் ரோட்டுல இறக்கலாம். தினசரி ஓட்டணும்னா விண்டேஜ் பக்கம் போகாம சாதாரண ஆர்.சி.யையே புதுப்பிச்சுக்குங்க. விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. எப்படி ஓட்டினாலும் பெட்ரோல் ஹோஸை மாத்திருங்க, இப்ப பங்க்ல வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வச்சுரும்.